விண்வெளிக்கு எதற்கு ஒரு படை?

மலாக்கா: ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் திருமணம் என்றால், இப்போது யாரும் வழி கேட்பதில்லை. கைப்பேசியில் வேஸ் செயலியைத் திறந்தால் போதும். ஆனால், அதற்கு உதவும் ஜிபிஎஸ் துணைக்கோள்களை இயக்குவது அமெரிக்க இராணுவத்தின் விண்வெளிப் படை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

விண்வெளிப் படை என்றதும், திரைப்படத்தில் வருவதுபோல் வீரர்கள் விண்கலத்தில் ஏறிச் சண்டையிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களில் பெரும்பாலோர் தரையில், கணினித் திரைக்கு முன் அமர்ந்து வேலை செய்பவர்கள்.

எப்படித் தொடங்கியது?

1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அதன்பின் எதிரி நாட்டைக் கண்காணிக்க இரு வல்லரசுகளும் துணைக்கோள்களை அனுப்பின. 1982இல் அமெரிக்க விமானப்படை விண்வெளிக்கென்று தனிப் பிரிவை அமைத்தது. 1991 வளைகுடாப் போரில், அடையாளமே இல்லாத பாலைவனத்தில் படைகளுக்கு வழிகாட்டியது ஜிபிஎஸ். துணைக்கோள் இல்லாமல் போர் இல்லை என்ற நிலை அப்போதே வந்துவிட்டது.

2007இல் சீனா தன் பழைய துணைக்கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்த்துக் காட்டியது. துணைக்கோள்களையும் தாக்க முடியும் என்ற அச்சம் கூடியது. 2019 டிசம்பர் 20ஆம் தேதி அமெரிக்க விண்வெளிப் படை தனிப் படையாக உருவானது.

இந்தியாவின் வழி

அதே ஆண்டு மார்ச் 27ஆம் தேதி, ஒடிசா கடலோரத்தில் நம் அப்துல் கலாமின் பெயரைத் தாங்கிய தீவிலிருந்து இந்தியா ஓர் ஏவுகணையை ஏவியது. சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த தன் சொந்தத் துணைக்கோளை அது அழித்தது. இதுவே 'மிஷன் சக்தி'. இந்தியாவில் விண்வெளிக்குத் தனிப் படை இல்லை. முப்படையினரும் சேர்ந்து பணியாற்றும் பாதுகாப்பு விண்வெளி முகமை பெங்களூரில் இயங்குகிறது.

வேலை என்ன?

ஏவுகணை பாய்ந்தால் எச்சரிப்பது, தகவல் தொடர்பைக் காப்பது, எந்தத் துணைக்கோள் எங்கே செல்கிறது என்று கவனிப்பது, தேவைப்பட்டால் எதிரியின் துணைக்கோளைச் செயலிழக்கச் செய்வது. விண்வெளிக் குப்பைகளைக் கண்காணிப்பதும் இதில் அடங்கும். 2007 சோதனையில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் வேகமாகச் சுற்றும் சிறு துண்டு மோதினாலும் ஒரு துணைக்கோள் பாழாகிவிடும்.

1967 விண்வெளி ஒப்பந்தம் அணு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் வைப்பதைத் தடுக்கிறது. தரையிலிருந்து ஏவுகணை எறிவதை அது தடுக்கவில்லை. ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நமக்கு என்ன?

மலாக்கா நீரிணையில் செல்லும் கப்பல், தோட்டத்தில் உரம் தூவும் டுரோன், உணவு கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்காரர் என எல்லாருக்கும் இடம் காட்டுவது துணைக்கோள்தான். ஆஸ்ட்ரோ வானவில் நம் வீட்டுக்கு வருவதும் துணைக்கோள் வழியாகத்தான். மலேசியாவுக்குச் சொந்தமாக வழிகாட்டும் துணைக்கோள்கள் கிடையாது. ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. இன்றைய கைப்பேசிகள் பலவும் ரஷ்யா, சீனா, ஐரோப்பா ஆகியவற்றின் துணைக்கோள்களிடமிருந்தும் சமிக்ஞை பெறுகின்றன. ஒன்று நின்றாலும் மற்றொன்று வழிகாட்டும். ஆனால் வல்லரசுகள் வானில் மோதிக்கொண்டால், அந்தச் சண்டையில் பங்கில்லாத நாமும் பாதிக்கப்படுவோம்.