பாறசாலையில் குடியை விட நினைக்கிறீங்களா? முதல் போன் யாருக்கு?

சபதம் போட்டுச் சட்டென நிறுத்திடாதீங்க. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவருக்கு வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் டாக்டர். கேரள கலால் துறையின் ‘விமுக்தி’ சிகிச்சை மையம் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையிலேயே இருக்கு. ஆலோசனைக்கு 14405. தமிழில் பேசணுமா? மத்திய அரசின் டெலி-மனஸ், 14416.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும்தான் நிஜமான சோதனை. அப்போது குழு வேணும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குக் கட்டணம் இல்லை, முழுப்பெயரும் சொல்ல வேண்டாம். குடியை நிறுத்தணும்கிற விருப்பம் போதும்.

ஆனா நம்ம ஊரில் ரகசியம் டீக்கடை வரைதானே? தெரிஞ்சவங்க பார்ப்பாங்கன்னு தயங்கினா, எல்லைக்கு அந்தப் பக்கம், குமரி மாவட்டத்தில் கூட்டம் எங்கே நடக்குதுன்னு விசாரிங்க. களியக்காவிளை பக்கம்தானே. அவர் வர மறுத்தாலும் வீட்டார் மட்டும் ‘அல்-அனான்’ கூட்டத்துக்குப் போகலாம்.