பதிவேறாக் குரலும் பதறாப் பாட்டும்

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சி மாநகரின் புகழை விரித்துரைப்போர், அந்நகர் இசைத்துறைக்கு ஈந்த கொடையைப் பல நேரங்களில் மறந்துவிடுகின்றனர். இசை மும்மணிகளுள் ஒருவராகிய சியாமா சாஸ்திரிகளின் முன்னோர், பங்காரு காமாட்சியின் பொற்படிமத்தைக் காத்துக்கொண்டு காஞ்சியினின்று புறப்பட்டவர்களே. டி.கே. பட்டம்மாள் 1919ஆம் ஆண்டு பிறந்ததும் இந்நகரில்தான். இவ்விரு பெயர்களுக்கும் இடைப்பட்ட காலத்தே ஒளிவீசிய பெருமகனார் ஒருவர் உளர். அவரே காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934).

அவருடைய குரல் எவ்வாறு ஒலித்தது என்று கேட்க விழைவோர் இன்று ஏமாற்றமே அடைவர். ஒலித்தட்டில் பாட அவர் இசையவே இல்லை. அவருடைய மாணவியருள் தலைசிறந்தோரான பிருந்தா, முக்தா சகோதரியரோ மிகச் சில வணிகப் பதிவுகளே அளித்தவர்கள். விரைவையும் ஆரவாரத்தையும் நாடாதவர்கள். ஆயினும் இம்மூவரின் தடம் பதியாத கருநாடக இசைமேடை அரிது. பதிவில்லாத அல்லது பதிவு அருகிய ஒரு கலைஞரின் செல்வாக்கு எவ்வழியே பரவுகிறது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலித்தட்டு வந்த காலம்

கிராமபோன் நிறுவனத்தார் இந்தியாவுக்கு வந்து முதன்முதலாகப் பாடல்களைப் பதிவு செய்தது 1902ஆம் ஆண்டில். நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கியது மூன்று நிமிடப் பாட்டு. அளவிற் பெரிய தட்டாயின் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். 1925ஆம் ஆண்டு வாக்கில் மின்வழிப் பதிவு தோன்றும் வரை, பாடகர் ஒரு பெரிய குழலின் வாயருகே நின்று உரக்கப் பாடவேண்டும். மெல்லிய குரலும் வீணையின் நுண்ணொலியும் அக்குழலுக்கு எட்டுவதில்லை. ஆகவே தொடக்கக் காலத் தட்டு உரத்த குரலையும் விரைந்த நடையையும் விரும்பியது. அரைமணி நேரம் விரியவேண்டிய ஆலாபனை சில நொடிகளுக்குச் சுருங்கிற்று.

நாயனாப் பிள்ளையின் தாயாருடன் பிறந்தவரான காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், அத்தொடக்கக் காலத்திலேயே தட்டுகளில் பாடியவர். எனவே அக்கருவி அக்குடும்பத்துக்குப் புதியதன்று. அறிந்தே விலகினார் பிள்ளை என்று நாம் கொள்ளலாம்.

முழுக் கச்சேரி

பிள்ளையவர்களின் இயற்பெயர் சுப்பிரமணியப் பிள்ளை. இளமையில் மற்போர்ப் பயிற்சியில் நாட்டங்கொண்டிருந்து, பின்னர் இசையில் முழுமையாய்த் தோய்ந்தவர். தாளத்தில் அவருக்கிருந்த ஆட்சி வியப்புக்குரியது. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங்கு, டோலக்கு, கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் அணிவகுத்த அவருடைய அரங்கை அக்காலத்தார் 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றழைத்தனர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற தாளப் பெருவல்லுநர்கள் உடன் அமர்ந்து வாசித்தனர். அத்தனை வாத்தியங்களின் நடுவே ஒற்றைக் குரல் நிமிர்ந்து நின்றது. தியாகராசரின் அரிய கீர்த்தனைகளையும், சிக்கலான சந்தத் தாளங்களில் அமைந்த திருப்புகழையும் மேடையேற்றிப் பரப்பினார். காஞ்சியில் ஆண்டுதோறும் அவர் நடத்திய தியாகராசர் விழா, நகரத்துச் சிறுவர் சிறுமியருக்குக் கட்டணமில்லா இசைப்பள்ளியாய் விளங்கிற்று. அங்கே கேட்டவற்றை நெஞ்சிற் பதித்துக்கொண்ட சிறுமியருள் ஒருவர்தாம் பட்டம்மாள்.

இத்தகைய பேரரங்கை மூன்று நிமிடத் தட்டில் எங்ஙனம் அடக்குவது? அடக்கியிருந்தாலும், எஞ்சுவது அவருடைய நிழலாகவே இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வீணை

இனி, காஞ்சியினின்று சென்னை ஜார்ஜ் டவுனுக்குச் செல்வோம். அங்கே ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீணை ஒலித்தது. வாசித்தவர் வீணை தனம்மாள் (1867–1938). தஞ்சை அரசவைக் கலைமரபில் வந்தவர். பார்வை மங்கிய பின்னும் அவ்வீணை ஓயவில்லை. கேட்க வந்தோரோ இசையறிந்த சிலர். அங்கே கைத்தட்டலுக்கு இடமில்லை. வீணையை மீட்டியவாறே மெல்லிய குரலில் தாமே பாடுவதும் அவர் வழக்கம். முதுமையில் அவர் அளித்த சில ஒலித்தட்டுகள் நமக்குக் கிடைத்துள்ளன. கீறல் இரைச்சலுக்கு ஊடே கேட்கும் அவ்வொலியில் அவசரம் என்பது மருந்துக்கும் இல்லை.

அவ்வில்லத்தை நாடி வந்தவர்களுள் இந்துஸ்தானி இசையின் கிரானா மரபைச் சார்ந்த உஸ்தாத் அப்துல் கரீம் கானும் ஒருவர். அம்மரபும் விளம்ப காலத்தையே உயிராகப் போற்றுவது. ஒரு சுரத்தில் நெடிது நின்று அதன் உட்பொருளைக் காண்பது. உருதும் மராத்தியும் பேசிய அவ்வுஸ்தாத், தியாகராசரின் கரகரப்பிரியா கீர்த்தனை ஒன்றைப் பயின்று ஒலித்தட்டிலும் பாடினார். 1937ஆம் ஆண்டு சென்னையினின்று புதுச்சேரி செல்லும் வழியில், காஞ்சிக்கு அணித்தேயுள்ள சிங்கப்பெருமாள்கோயில் தொடர்வண்டி நிலையத்தில் அவருடைய உயிர் பிரிந்தது. மொழியும் சமயமும் கடந்து இசைவாணர் ஒருவரை ஒருவர் செவிமடுத்த காலத்துக்கு இது சான்று.

காஞ்சியின் கோர்வை

தனம்மாளின் மகள் காமாட்சியின் மக்களே பிருந்தா (1912–1996), முக்தா (1914–2007) சகோதரியர். வீட்டில் பாட்டியின் வீணையும் தாயின் பாட்டும் இருக்கவும், இவர்கள் காஞ்சிக்கு வந்து நாயனாப் பிள்ளையிடம் பயின்றனர். இதனை நாம் ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாட்டியின் இசை அறைக்குள் ஒலிப்பது. ஆசானின் இசை பேரரங்கை ஆள்வது. ஒன்று பாவத்தின் நுண்மை. மற்றொன்று தாளத்தின் உறுதி.

காஞ்சி நெசவாளர் இத்தகைய இணைப்பை நன்கறிவர். சேலையின் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து, இரண்டையும் தறியிலேயே பிணைப்பதற்குக் 'கோர்வை' என்று பெயர். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் இருவர் அமரவேண்டும். ஒருவர் விரைந்தாலும் பிணைப்புத் தவறும். நன்கு நெய்த சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பது பட்டறிந்தோர் கூற்று. இசைவாணரும் தாளக் கணக்கின் முடிவுக் கட்டமைப்பைக் கோர்வை என்றே வழங்குகின்றனர். பிருந்தா, முக்தா இசையில் பாட்டியின் உடலும் ஆசானின் கரையும் பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்தன. மிகத் தாழ்ந்த நடையில் பாடும்போதும் அவர்தம் பாட்டு தளர்ந்து சரியாமல் நின்றமைக்கு இப்பிணைப்பே காரணம் என்பது நம் துணிபு.

பதறாப் பாட்டின் இயல்பு

அவர்கள் சிறப்பாகப் பாடியவை பதங்களும் ஜாவளிகளுமாகும். பதங்களுள் பெரும்பாலானவை 17ஆம் நூற்றாண்டினரான க்ஷேத்ரய்யர் தெலுங்கில் இயற்றியவை. கனம் கிருஷ்ணையர், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமையர் முதலியோர் தமிழிலும் சிறந்த பதங்கள் இயற்றினர். தலைவி தோழியிடம் உள்ளந்திறந்து பேசுவதே பதத்தின் பொதுவான அமைப்பு. அகத்திணை பயின்ற நம் மாணவர்க்கு இது புதியதன்று.

பதத்தின் நடை மிகத் தாழ்ந்தது. பல பதங்களை அனுபல்லவியில் தொடங்கிப் பாடுவது மரபு. ஒரு சுரத்தினின்று அடுத்த சுரத்துக்குத் தாவாமல், வீணையின் நரம்பை இழுத்தாற்போல வழுக்கிச் செல்லவேண்டும். இடையில் விழும் அமைதியும் பாட்டின் பகுதியே. விரைந்து பாடுவோர் தம் குறைகளை வேகத்துள் மறைத்துவிடலாம். தாழ்ந்த நடையிலோ மறைவிடம் இல்லை. எளிதாகத் தோன்றும் இப்பாட்டைப் பாடுவது அரிதினும் அரிதாவது இதனால்தான்.

இந்நடை தமிழுக்குப் புறம்பானதும் அன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் முதல்நடை, வாரம், கூடை, திரள் என நால்வகைச் செலவைக் கூறுவார். அவற்றுள் தாழ்ந்த செலவினை உடையது முதல்நடை. முடுகிச் செல்வது திரள். தாழ்ந்த நடையைத் தொடக்கமாக வைத்து எண்ணிய முன்னோரின் கருத்து போற்றற்பாலது.

செல்வாக்குப் பரவிய வழி

பிருந்தா மேடைகளைத் துரத்திச் சென்றவர் அல்லர். ஆனால் அவரைத் தேடி வந்தவர்களைப் பாருங்கள். அவரினும் மூத்தவரான செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) அவரிடம் பதங்களைக் கற்றார். எம்.எஸ். சுப்புலட்சுமி கற்றார். ராம்நாட் கிருஷ்ணன் (1918–1973) கற்றார். அவருடைய நிதானமான பாட்டு பின்னர் அமெரிக்க நெடுநேரத் தட்டுகளில் ஏறி உலகைச் சுற்றியது. அருணா சாயிராம் இன்றும் அப்பதங்களை மேடைதோறும் பாடி வருகிறார். சென்னையிலிருந்த மத்தியக் கருநாடக இசைக் கல்லூரியிலும், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் பிருந்தா ஆசிரியப் பணியாற்றினார். 1976ஆம் ஆண்டு சென்னை இசைக் கழகம் அவருக்குச் 'சங்கீத கலாநிதி' விருதளித்தது.

நாயனாப் பிள்ளையின் மற்றொரு மாணவர் சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை (1898–1975). அவருடைய மாணவர் மதுரை சோமு (1919–1989). 1972ஆம் ஆண்டு வெளிவந்த 'தெய்வம்' திரைப்படத்தில் மருதமலை முருகனைப் பற்றிச் சோமு பாடிய பாடலைக் கேளாத தமிழர் மிகச் சிலரே. தட்டில் பாட மறுத்த ஒருவரின் இசைவழி, இரண்டு தலைமுறை கடந்து ஊர்தோறும் ஒலிபெருக்கியில் ஒலித்தது.

உலகின் மறுகோடியிலும் இதனையொத்த நிகழ்வு உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரிற் பிறந்த 'ப்ளூஸ்' இசையைத் தழுவிப் பாட்டியற்றிய ஜே.ஜே. கேல் (1938–2013) என்பார் ஆரவாரத்தை அறவே வெறுத்தவர். முணுமுணுப்பதுபோல் நிதானமாகப் பாடியவர். அவருடைய பாடல்களை எரிக் கிளாப்டன் போன்ற புகழ்மிக்கோர் பாடியபோதுதான் உலகம் அவற்றைப் பெரிதும் அறிந்தது. அவரோ தாம் பின்னால் நிற்பதில் நிறைவு கண்டார். செல்வாக்கு வேறு, புகழ் வேறு என்பதற்கு அவரும் எடுத்துக்காட்டு.

நாம் இழந்ததும் காக்கவேண்டியதும்

ஆயின், பதிவு வேண்டாததொன்று என நாம் முடிவு கட்டுதல் தகாது. நாயனாப் பிள்ளையின் குரலை நாம் இழந்தோம். அது ஈடுசெய்ய இயலாத இழப்பு. தனம்மாளின் சில தட்டுகளேனும் இல்லையெனில், அவருடைய நிதானத்தை நாம் பிறர் சொல்லக் கேட்டே நம்பவேண்டியிருக்கும். பிருந்தா, முக்தா பாடியவற்றுள் பெரும்பகுதி வானொலியாலும், அன்பர்கள் தம் இல்லங்களில் எடுத்த நாடாப் பதிவுகளாலுமே பிழைத்திருக்கிறது. இம்மரபைக் காத்த மகளிரைச் சமூகம் நெடுங்காலம் இழிவாக நோக்கியது. அவர்தம் கலையை விரும்பியோர், அக்கலைக்கு உரியோரை மதிக்க மறந்தனர். அந்தக் கடனும் நம்மேல் நிற்கிறது.

செவிவழிக் கல்வியின் மதிப்பை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. திருக்குர்ஆனை நெஞ்சில் ஏந்தும் ஹாபிழ்கள், ஏடு கையிலிருந்தும் ஆசானின் வாய்வழி கேட்டே ஒலியைத் திருத்திக்கொள்கின்றனர். நபிமொழிகளின் நம்பகத்தை ஆய்வோர், இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்னும் இஸ்னாத் தொடரை முதற்கண் நோக்குகின்றனர். புனித மறையோதலை இசைக்கு ஒப்பிடுவது நம் கருத்தன்று. ஏடும் பதிவும் துணையே. கற்பிப்பவர் மனிதரே என்பதுதான் நாம் கூறவருவது.

இன்று கைப்பேசியில் ஆயிரக்கணக்கான பாடல்கள் உள்ளன. கேட்பதற்குப் பஞ்சமில்லை, நின்று கேட்பதற்குத்தான் பொறுமையில்லை. நம் மாணவர்களை இரண்டு செயல்களுக்கு அழைக்கிறோம். முதலாவது, பிருந்தாவும் முக்தாவும் பாடிய பதம் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவுவரை வேறு வேலையின்றிக் கேளுங்கள். இரண்டாவது, காஞ்சியிலும் சுற்றூர்களிலும் பழைய வீடுகளின் பரண்களில் நாடாச் சுருள்களும் ஒலித்தட்டுகளும் உறங்கக்கூடும். காந்த நாடா ஈரத்தால் பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அதன் பூச்சு உதிரும். பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போவதற்கு முன், உரியவரிடம் இசைவு பெற்று, அவற்றை எண்முறைப் பதிவாக மாற்றிக் காக்க முன்வாருங்கள். பாடியவர் யார், ஊர் எது, ஆண்டு என்ன என்பவற்றையும் தெரிந்தவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

பிள்ளையார்பாளையத்துத் தறியில் அமரும் நெசவாளி ஒரு சேலையைப் பல நாள் நெய்கிறார். அவர் பெயர் அச்சேலையில் இல்லை. எனினும் உடலும் கரையும் பிரியாது நிற்கும் இடத்தில் அவருடைய கை இருக்கிறது. நாயனாப் பிள்ளையும் அவ்வாறே. அவர் குரல் எத்தட்டிலும் இல்லை. அவரிடம் கற்றவர் பாட்டில் இருக்கிறது. அதனை அடையாளம் காணும் செவியை வளர்த்துக்கொள்வது நம் பொறுப்பாகும்.