விடியும்வரை ஒரு கூத்து

கொழும்பில் வாழும் கலையன்பர், வரப்போகும் நிகழ்ச்சிகளை அறியப் பத்திரிகை விளம்பரங்களைப் புரட்டுவார். மன்னார்த் தீவிலும் எதிரேயுள்ள மாதோட்டப் பெருநிலத்திலும் வாழும் நாமோ நாட்காட்டியைப் பார்க்கிறோம். கோயில் முற்றமே எமது அரங்கு. திருவிழாவே எமது அழைப்பிதழ். மாரி ஓய்ந்து மாசி பிறக்கும்பொழுது இக்கரையின் கலைப்பருவமும் பிறக்கின்றது.

முதலில் வருவது சிவராத்திரி. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தில், பாலாவித் தீர்த்தத்தை அடியார்கள் தாமே முகந்து வந்து இலிங்கத்துக்குச் சொரிவர். கண்டுஞ்சாது இரவைக் கழிப்பர். அடுத்து வருவது கத்தோலிக்க மக்களின் தபசுகாலம். 1705ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த கோவைத் தீவுக் குருவானவர் யாக்கோமே கொன்சால்வஸ் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' அந்நாட்களில் உருக்கமாக வாசிக்கப்படும், பசான் பாடப்படும். உருவங்களை மறைவிலிருந்து அசைத்து ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் 'உடக்குப் பாஸ்' பேசாலை மக்கள் பேணிவந்த அருங்கலை. உயிர்த்த ஞாயிறு கழிந்தபின் ஊர்தோறும் திருவிழாக்கள். ஆவணி நெருங்க, ஆகஸ்ட் 15இல் மடுப் பெருவிழா.

இத்துணை நிகழ்ச்சிகளுள்ளும் நான் பெரிதும் எதிர்பார்ப்பதும், பெரிதும் அஞ்சுவதும் நாட்டுக்கூத்தைப் பற்றியே.

கூத்தென்றால் மட்டக்களப்பையே பலரும் நினைப்பர். அங்கே ஆட்டம் சிறந்து நிற்கின்றது. மன்னாரிலோ பாட்டே முதன்மை பெறுகின்றது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருவகை மரபுகள் இங்கு உண்டு. பல இரவுகள் தொடரும் நெடிய நாடகமும், ஓரிரவிலே முடியத்தக்க வாசகப்பாவும் உண்டு. புனிதர் ஒருவரின் வரலாற்றை நேர்த்திக்கடனாக ஆடுவது பழைய வழக்கம். கட்டியகாரன் தோன்றி அரசன் வரவைக் கூறும்பொழுது, நெய்தல் நிலத்துக் குடியானவன் ஒருவன் உரோமாபுரி மன்னனாகி வந்து நிற்பான். அவனை அறிந்த ஊரார் அவனை மறந்து மன்னனைக் காண்பர்.

இக்கலையை நாடறியச் செய்தவர்களுள் பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல்வர். 'எண்டிறீக்கு எம்பரதோர்' 1964இலும், 'மூவிராசாக்கள்' 1966இலும், 'ஞானசவுந்தரி' 1967இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. அவை அச்சேறியிராவிடின் அவற்றுட் சில செல்லுக்கு இரையாகியிருக்கும். ஆயினும் அச்சு காத்தது சொல்லை மட்டுமே. பாட்டே உயிரான கலையில், மெட்டு அண்ணாவியாரின் தொண்டையிலன்றோ இருக்கின்றது? முதிய அண்ணாவியார் ஒருவரிடம், "ஐயா, இந்தக் கொப்பியைப் பார்த்து வேறொருவர் பழக்கலாமா?" என்று கேட்டேன். "வாசிக்கலாம், தம்பி; பாட ஏலாது" என்றார்.

போர்க்காலம் இக்கலையைப் பெரிதும் வாட்டியது. ஊரடங்கும் இடப்பெயர்வும் உள்ள நாட்டில் விடிய விடியக் கூத்தாடுவது எங்ஙனம்? 2008ஆம் ஆண்டு ஏப்பிரலில் மடுமாதாவின் திருச்சுரூபமே பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆகஸ்டிலேதான் திரும்பி வந்தது. அக்காலத்தில் வளர்ந்த பிள்ளைகளிற் பலர், முழுக்கூத்து ஒன்றையேனும் காணாமலே பெரியவர்களாயினர்.

2009இல் போர் ஓய்ந்தது. இரவு மீண்டும் எம்முடையதாயிற்று. ஆனால் இன்று விழா மேடைகளில் கூத்துக்கு ஒரு மணி நேரமோ அதனினும் குறைவோ ஒதுக்கப்படுவதைக் காண்கிறேன். வரவுப் பாட்டொன்று, வாதமொன்று, மங்களம். அத்துடன் திரை விழுகின்றது.

சுருக்குதல் குற்றமன்று. வாசகப்பாவே ஒரு சுருக்கம்தானே? வித்தியானந்தனும் இரவு முழுதும் ஆடும் கூத்துக்களைச் சுருக்கியே பல்கலைக்கழக மேடையில் ஏற்றினார். அதனாலே பட்டினத்தாரும் கூத்தை மதிக்கலாயினர். ஆனால் அவர் சுருக்கிய நாட்களில், கிராமத்திலே முழுக்கூத்து உயிரோடு இருந்தது. இன்று கிராமமே துண்டுக் கூத்தோடு அமைதி கொள்ளுமாயின், நாளை எதிலிருந்து துண்டை வெட்டுவோம்?

முழு இரவுக் கூத்தில் இடம்பெறுவோர் பலர். மந்திரிக்குப் பின்னால் நிற்கும் சேவகனுக்கும் ஒரு பாட்டு உண்டு. பத்து வயதுச் சிறுவனுக்கும் ஒரு வேடம் உண்டு. அச்சிறுவன் மூன்று மாத ஒத்திகையில் தன் பாட்டை மட்டுமன்றி அரசனின் பாட்டையும் கேட்டுப் பழகி, இருபது ஆண்டுகளின் பின் அரசனாக வருகிறான். ஒருமணிக் கூத்தில் முதலிலே நீக்கப்படுபவன் அச்சேவகன். அவனோடு அடுத்த தலைமுறையும் நீங்கிவிடுகின்றது.

விடியற்காலையில் கடலுக்குச் செல்பவரும் வகுப்புக்குச் செல்லும் மாணவரும் எவ்வாறு கண்விழிப்பர் என்று கேட்பது நியாயமே. நான் வேண்டுவது ஆண்டுக்கு ஓரிரவு. ஒவ்வொரு ஊரும் தனது கூத்துக்களுள் ஒன்றையேனும் காப்பு முதல் மங்களம் வரை ஒருமுறை ஆடட்டும். இளைஞர் தம் கைத்தொலைபேசியிலேனும் அண்ணாவியாரின் மெட்டுக்களை ஒன்றுவிடாது பதிவு செய்யட்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

வாசகரே, இவ்வாண்டு இக்கரையில் எங்கேனும் மத்தளம் முழங்கக் கேட்டால், ஒரு பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு செல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் இடையில் உறங்கினாலும் பாதகமில்லை. உறக்கத்திலும் மெட்டு செவியில் விழும்.