கூடுதல் வட்டி, கூடுதல் ஆபத்து

கண்டி நகரில் நிதி நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. யுத்த இழப்புக்குக் கிடைத்த நட்டஈடு, தோட்டத்தில் உழைத்துச் சேர்ந்த சேமலாப நிதி, மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசு எல்லாம் அங்கே போய்ச் சேர்கின்றன. வங்கியை விட இரண்டு மூன்று வீதம் கூட என்றால் யாருக்குத்தான் ஆசை வராது சகோதரிகளே?

1940இல் தொடங்கிய 'த பினான்ஸ்' கம்பனி பங்குச் சந்தையிலும் இடம்பெற்ற பழைய நிறுவனம். 2008 இறுதியில் அதே செலிங்கோ குழுமத்தின் கோல்டன் கீ வீழ்ந்ததும் இதுவும் ஆட்டங்கண்டது. கோல்டன் கீ மத்திய வங்கியின் அனுமதியே இல்லாமல் வைப்புப் பெற்றது. த பினான்சுக்கோ அனுமதி இருந்தது. 2020 மே 22இல் அது இரத்தானது. காப்புறுதித் திட்டத்தில் வைப்பாளருக்கு முதலில் கிடைத்தது ஆகக்கூடியது 6 இலட்சம் ரூபா.

பங்கு வாங்கியவருக்கு அந்தக் காப்புறுதியும் இல்லை. கம்பனி மூடப்பட்டால் கடன்களை எல்லாம் அடைத்து மிஞ்சினால்தான் அவருக்குப் பங்கு. கம்பனி நன்றாக நடந்தாலும் நாட்டின் நிலைமை காலை வாரலாம். 2022 ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. டொலர் கொண்டுவந்து இங்கே பங்கு வாங்கியவர், விலை குறையாமல் விற்றாலும் நட்டப்பட்டார்.

முகவர் வீடு தேடி வந்தால், மத்திய வங்கியின் பட்டியலில் அந்த நிறுவனம் உண்டா என்று முதலில் பாருங்கள். இப்போதைய காப்புறுதி எல்லை 11 இலட்சம். ஒரே நிறுவனத்தின் கண்டிக் கிளையிலும் கம்பளைக் கிளையிலும் பிரித்துப் போட்டாலும் எல்லை ஒன்றுதான்.