தேமல்தானா அது?

கரிசல் பூமியில் வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் எட்டயபுரத்தில் வேர்க்குருவும் தேமலும் எட்டிப் பார்க்காத வீடு ஏது? வேப்பிலை அரைத்துப் பூசுவார்கள். கேட்காவிட்டால் கடைக் களிம்பு. அதற்கும் மசியாவிட்டால், "சூட்டு உடம்பு" என்று ஒரு தீர்ப்பு! பெரும்பாலும் தீர்ப்பு சரியாகவே இருந்துவிடுகிறது. மிக அபூர்வமாக ஒருவருக்கு மட்டும் அந்தத் தேமல், தேமலாக இருப்பதில்லை.

1806-ல் பாரிஸ் டாக்டர் அலிபேர், ஒரு நோயாளியின் உடம்பில் காளான் போல் புடைத்த கட்டிகளைக் கண்டு எழுதி வைத்தார். 'மைக்கோஸிஸ் பங்காய்டஸ்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். பெயரில்தான் காளான். உண்மையில், ரத்தத்து வெள்ளை அணுக்களில் ஒரு ரகம் தோலில் குடியேறிப் பெருகும் புற்றுநோய் இது. தொட்டால் ஒட்டாது, தனித் தட்டும் தனிப் பாயும் வேண்டியதில்லை.

நம்மவர் நிறத்தில் இது பல சமயம் வெளிறிய திட்டாகத் தோன்றும். வெண்குஷ்டமோ, தொழுநோயோ என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. வருகிற இடங்களோ இடுப்பு, தொடை, மார்பு என்று வெயில் படாத இடங்கள். பாதியைப் புடவை மறைக்கிறது, மீதியைக் கூச்சம் மறைக்கிறது. கல்யாணத்துக்கு நிற்கும் பெண் என்றால் தாயாரும் சேர்ந்து மறைக்கிறாள்!

மறைப்பதால் என்ன நஷ்டம்? அவரவர் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால், உடம்புத் தோலில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. திட்டுகள் பத்துக் கையளவுக்குள் இருந்தால் முதற் கட்டத்தின் முதற் படி. மிஞ்சினால் அடுத்த படி. கட்டி எழும்புவது இரண்டாம் கட்டத்தின் பிற்பகுதி. உடம்பெல்லாம் சிவந்தால் மூன்றாவது. உள்ளுறுப்புகளுக்குப் போய்விட்டால் நான்காவது. 2010-ல் லண்டன் டாக்டர்கள் 1,502 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். ஐந்து வருஷத்துக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் முதற் படியில் நூற்றுக்கு 94, அடுத்ததில் 84, கட்டி கண்டவர்களில் 47, உள்ளுறுப்புக்குப் பரவியவர்களில் 18. முதற் படியில் காலமானவர்களிலும் பலரைக் கொண்டுபோனது முதுமையும் வேறு வியாதிகளுமே.

ஆரம்பத்தில் வைத்தியம் களிம்பும் புற ஊதா ஒளியும்தான். அதற்காக எட்டயபுரத்து வெயிலில் போய் நின்றுவிடாதீர்கள்; ஆஸ்பத்திரி விளக்கில் அளந்து கொடுக்கும் ஒளி அது! நோய் திரும்பக்கூடும், ஆகையால் வருஷக்கணக்கில் டாக்டரிடம் காட்டிவர வேண்டும்.

மாதக்கணக்கில் போகாத திட்டு இருந்தால், தூத்துக்குடி அல்லது பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் காட்டலாம். சிறு துண்டுத் தோலை எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஒரு தடவையில் விளங்காமல், மறுபடி எடுக்கவும் நேரும். போகும்போது இதுவரை பூசிய களிம்புக் குழாய்களையும் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்டிராய்டு கலந்த களிம்பு பட்ட தோலில் இந்த நோயின் அடையாளம் மங்கிவிடும்.