பாட்டியின் பழைய பத்திரங்களை பிடிஎஃப் ஆக்க எந்த மென்பொருள்?

பஹாவ், லாபு பக்கத் தோட்டங்கள்ல பிறந்து வளர்ந்த பெரியவங்க சிலர் கையில இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமைக்கு மனு போடும்போது எந்தப் பழைய தாள் கைகொடுக்கும்னு சொல்லவே முடியாது. அதனால டிரங்குப் பெட்டியில மடங்கிக் கிடக்கிற சூராட் பெரானாக்கை இப்பவே பிடிஎஃப் ஆக்கி வையுங்க. அசல் பத்திரம்? அதையும் பத்திரமா வையுங்க, பிடிஎஃப் வெறும் நகல்தான்.

இதுக்குக் காசு வேண்டாம். அடோபி 1993-இல் வெளியிட்ட பிடிஎஃப், 2008-இல் ஐஎஸ்ஓ பொதுத் தரமாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அதற்கு மென்பொருள் எழுதலாம். ஐபோனில் நோட்ஸ், ஆண்ட்ராய்டில் கூகள் டிரைவ், ரெண்டுலயும் ஸ்கேன் வசதி இருக்கு. கறுப்பு-வெள்ளை ஃபில்டர் மட்டும் போடாதீங்க: மங்கிப்போன ஊதா முத்திரை காணாமலே போயிடும்!

மனுக் கடிதத்தைத் தட்டச்சு செய்ய லிப்ரே ஆஃபிஸ் போதும், இலவசம். அதில் 'பிடிஎஃப்/ஏ' என்று சேமித்தால் தமிழ் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். வேற கணினியில திறந்தாலும் எழுத்து கட்டம் கட்டமா மாறாது. ஆனால் பிடிஎஃப்/ஏ கோப்புக்குக் கடவுச்சொல் போட முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பப் போறீங்கன்னா சாதாரண பிடிஎஃப்பில் கடவுச்சொல் போட்டு இன்னொரு பிரதி எடுங்க.

'இலவசமா மாற்றித் தருகிறோம்' என்கிற இணையத்தளங்கள்? பாட்டியின் அடையாள அட்டை எண் முகம் தெரியாத யாரோ ஒருவரின் சர்வருக்குப் போகுது. எனக்கு அதில் உடன்பாடில்லை.