மூன்றே தட்டுகளோடு களத்துக்குத் திரும்புதல்

டிஸ்க் கோல்ஃபில் மட்டையும் பந்தும் கிடையாது. பிளாஸ்டிக் தட்டைச் சங்கிலி தொங்கும் கூடைக்குள் வீச வேண்டும். தட்டு விழுந்த இடத்திலிருந்தே அடுத்த வீச்சு. குறைந்த வீச்சில் முடிப்பவருக்கே வெற்றி. 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் இதற்கான முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார்.

கோல்ஃபில் 14 மட்டைகளுக்கு மேல் கொண்டுபோக முடியாது. இங்கே பொது விதி அப்படி வரம்பு வைக்கவில்லை. அதனால் தேர்ந்த ஆட்டக்காரர்களின் பை தட்டுகளால் வீங்கிக் கிடக்கும். சில ஆண்டுகள் விட்டுவிட்டுத் திரும்புபவருக்கு எதை எடுப்பது என்பதே பெரும் குழப்பம்.

இங்கேதான் 'டிரிலஜி சேலஞ்ச்' போன்ற போட்டிகள் அருமையாக உதவுகின்றன. பதிவு செய்பவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி மூன்று தட்டுகள்: தூரத்துக்கு ஒன்று, நடுத்தூரத்துக்கு ஒன்று, கூடைக்கு அருகில் வீச ஒன்று. ஆட்டம் முழுக்க அவை மட்டுமே. வலக்கைக்காரரின் வழக்கமான பேக்ஹேண்ட் வீச்சில் தட்டு வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாயும். மரத்தைச் சுற்றி வலப்பக்கம் போக வேண்டுமா? வேறு தட்டைத் தேட வழியில்லை. வீசும் கோணத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஃபோர்ஹேண்டில் எறிய வேண்டும். மறந்துபோன கைப்பழக்கம் இப்படித்தான் மீள்கிறது. பழைய ஆட்டக்காரருக்கும் புதியவருக்கும் கையில் இருப்பது ஒன்றே என்பதால் கூச்சமும் விலகிவிடும்.

இந்த விளையாட்டில் மரங்களே தடைகள். தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, காரிமங்கலம் மாந்தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு, காய்ப்புக் காலம் முடிந்தபின் அங்கே சில கூடைகளை நட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும்.